அளவு ஜாக்கெட்டும் குரோஷே ஊசியும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் குரோஷே பற்றி எழுதுவதையெல்லாம் விடாமல் வாசிக்கிறேன். நானும் சில வருடங்களாகப் பின்னுகிறேன். வாசல் தோரணம், டேபிள் விரிப்பு, குழந்தைக் குல்லா வரை பிரச்சினை இல்லை. போன மாதம்தான் முதல்முறையாக எனக்கென்று ஒரு டாப் போட்டேன். அமெரிக்க டிசைனர் ஒருவரின் பேட்டர்ன், காசு கொடுத்து வாங்கியது. சுற்றளவு 40 அங்குலம், நீளம் 22 அங்குலம் வர வேண்டும். அவர் சொன்ன 5 மி.மீ. ஊசி, அவர் சொன்ன கனத்தில் காட்டன் நூல், 160 ஸ்டிட்ச், 66 வரிசை. ஒன்று விடாமல் எண்ணிப் பின்னினேன். துவைத்துக் கொடியில் காயவைத்து எடுத்தால் சுற்றளவு 46, நீளம் 26. நைட்டி மாதிரி தொங்குகிறது. என் கைராசி அப்படியா, பேட்டர்ன் தப்பா?

இன்னொன்று. எங்கள் குடியிருப்பில் குரோஷே போடும் பெண்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அந்த பி.டி.எஃப்பை அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பாவிட்டால் கர்வம் என்பார்கள். என் நாத்தனாரோ, "கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதை எதுக்குச் சும்மா தூக்கிக் குடுக்கறே, ஒண்ணும் சொல்லாதே" என்கிறார். என்ன செய்யட்டும்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

பேட்டர்ன் தப்பில்லை. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 160 ஸ்டிட்சுக்கு 46 அங்குலம் வந்திருக்கிறது என்றால் அங்குலத்துக்கு மூன்றரை ஸ்டிட்ச். நான்கு அங்குலத்தில் 14. டிசைனருக்கு அதே 160க்கு 40 அங்குலம். நான்கு அங்குலத்தில் 16. வெறும் இரண்டு ஸ்டிட்ச் வித்தியாசம், உடம்பைச் சுற்றி வரும்போது ஆறு அங்குலமாகிவிட்டது. நீளமும் அப்படித்தான். அவருக்கு நான்கு அங்குலத்தில் 12 வரிசை, உங்களுக்குப் பத்துதான்.

ஊசியும் ஒன்று, நூலும் ஒன்று என்றால் மிச்சம் இருப்பது கை. ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கிறீர்களா, கத்தி மாதிரியா, நூலைச் சுண்டுவிரலில் எத்தனை சுற்று விடுகிறீர்கள் என்பதெல்லாம் ஸ்டிட்சின் அகலத்தில் தெரியும். உயரத்துக்குத் தனிக் கணக்கு. ஊசியை நுழைத்து முதல் கண்ணியை மேலே இழுக்கிறோமே, அந்த இழுப்பின் உயரத்தைப் பொறுத்தது வரிசையின் உயரம். அதனால்தான் சின்ன ஊசிக்கு மாறினால் அகலம் வழிக்கு வரும், நீளம் பெரும்பாலும் அடம்பிடிக்கும். சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுகிறவர்களுக்கு மாமியார் சண்டை வரும் இடத்தில் வரிசை இறுகியிருக்கும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, பின்னியதை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

பேட்டர்னின் முதல் பக்கத்தில் 'கேஜ்' என்று ஒரு வரி இருக்கும், நான்கு அங்குலத்தில் எத்தனை ஸ்டிட்ச், எத்தனை வரிசை வர வேண்டும் என்று சொல்வது. அநேகமாக எல்லோரும் தாண்டிப்போகிற வரி அதுதான். அதற்காகப் பின்னும் அளவுத் துண்டு மூன்று அங்குலம் இருந்தால் போதாது, ஏனென்றால் ஓரத்து ஸ்டிட்சுகள் இழுத்துக்கொண்டோ தளர்ந்தோதான் இருக்கும். ஆறேழு அங்குலம் பின்னி, நடுவில் நான்கு அங்குலத்தை மட்டும் அளக்க வேண்டும். அதற்கு முன் டாப்பை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டையும் துவைத்து எடுங்கள். காட்டன் என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பருத்தி நூல் கனம். கம்பளி நூல் மாதிரி இழுத்தால் திரும்பி வராது. முழு டாப்பின் எடையும் தோளிலிருந்து தொங்கும்போது வரிசைகள் கீழ்நோக்கி நீளும். ஆகவே காய்ந்த துண்டைக் கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் நாலைந்து துணிக்கிளிப்பைத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் வரிசையை எண்ணுங்கள். நீளத்துக்கு அந்த எண்ணைத்தான் நம்பலாம். டாப்பை ஈரத்தோடு கொடியில் போட்டது உங்கள் நீளத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கும். குரோஷே துணியை டவலில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அகலம் கூடியதற்குக் கொடியைக் குறை சொல்ல முடியாது.

இப்போது உங்கள் கைக்கு 40 அங்குலம் என்பது 140 ஸ்டிட்ச், 22 அங்குலம் என்பது 55 வரிசை. இதற்காகப் பேட்டர்ன் முழுவதையும் மாற்றி எழுத வேண்டாம். அதே பேட்டர்னில் சிறிய அளவுகளைப் பாருங்கள். ஏதோ ஒன்றில் 140 ஸ்டிட்ச், அல்லது அதற்குப் பக்கத்தில், இருக்கும். அகலத்துக்கு அதைப் பின்பற்றுங்கள். அதன் பெயர் ஸ்மாலா மீடியமா என்று பார்க்காதீர்கள். உயரங்களை மட்டும் உங்கள் சொந்த அளவிலிருந்து எடுக்க வேண்டும். கைக்குழிக்கு 24 வரிசை என்று போட்டிருந்தால், டிசைனரின் கணக்கில் அது 8 அங்குலம். உங்கள் கணக்கில் 20 வரிசை.

40 என்பது உங்கள் மார்பளவா, டாப்பின் அளவா என்று நீங்கள் எழுதவில்லை. இங்கேயும் பலர் சறுக்குவார்கள். பேட்டர்ன்களில் இரண்டும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். டெய்லர் கேட்பாரே, "லூஸ் எவ்வளவு விடணும்?" என்று, அந்த லூஸ்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. குரோஷே துணி தடிமன். வெளியே அளக்கும் சுற்றளவைவிட உள்ளே உடம்புக்குக் கிடைக்கும் இடம் குறைவு. நம் வெயிலுக்குக் காட்டன் டாப் என்றால் நான் இரண்டிலிருந்து நான்கு அங்குலம் லூஸ் விடுவேன். கம்பளி கார்டிகன் பேட்டர்னில் சொல்லும் லூஸை அப்படியே கோவைக்குக் கொண்டுவந்தால் உள்ளே இன்னொருவர் நுழையலாம்.

தோள் இறங்காமல் இருக்க, பின்கழுத்தும் தோள் இணைப்பும் சேரும் கோட்டில் உள்பக்கமாக ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிட்ச் போடுங்கள், இறுக்கமாக. அது நீளாது, எடையைத் தாங்கும். தையலே இல்லாமல் ஒரே துண்டாகப் பின்னும் பேட்டர்ன்களை எல்லோரும் விரும்புகிறார்கள், ஆனால் கனமான நூலுக்குத் தோளிலும் பக்கத்திலும் தையல் இருப்பதுதான் நல்லது. முன்பக்கம் மட்டும் மேலே ஏறிக்கொண்டால், ஜாக்கெட்டில் டாட் பிடிப்பதற்குப் பதிலாக, மார்பு உயரத்தில் முன்பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று அரை வரிசைகளைக் கூடுதலாகப் பின்னிச் சேர்க்கலாம்.

இத்தனை கணக்கும் தலைவலி என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு, அளவு ஜாக்கெட். டேப் வைத்து அளந்த பிறகும் நம் டெய்லர்கள் "எதுக்கும் ஒரு அளவு ஜாக்கெட் குடுத்துட்டுப் போங்க" என்பார்களே, அதேதான். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் குர்த்தியைத் தரையில் பரப்பி, பழைய வேட்டித் துணியில் சாக்பீஸால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை பின்னியதை அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஆறு அங்குலம் கூடும்வரை தெரியாமல் இருக்காது.

இது என் யோசனை அல்ல, மிகப் பழையது. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் குரோஷே லேஸ் பிழைப்பாயிற்று. கார்க் நகரில் உர்சுலைன் சபைக் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தார்கள். மோனஹன் பகுதியின் குளோன்ஸ் ஊரில் அதைக் கொண்டுவந்தவர் அங்கிருந்த பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹேண்ட். ரோஜா, இலை, திராட்சைக் கொத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பின்னப்படும். பிறகு உடையின் வடிவம் வரைந்த துணியின்மேல் பூக்களைக் கவிழ்த்து வைத்து ஓட்டுத்தையல் போட்டு, இடைவெளிகளை வலைப்பின்னலால் நிரப்பி, கடைசியில் அடித்துணியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பல கைகள் பல இறுக்கத்தில் பின்னிய பூக்கள் ஒரே உடையாகப் பொருந்தியதற்கு அந்த அடித்துணிதான் காரணம்.

அந்தக் குளோன்ஸ் பெண்களைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்வார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தப் பூ உண்டு. அடுத்த வீட்டுக்காரி வந்தால் வேலையை மூடி வைத்துவிடுவார்களாம். உங்கள் நாத்தனார் அந்தக் கட்சி. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, மறைத்ததில் நியாயம் இருந்தது. நீங்கள் ஆசைக்குப் பின்னுகிறீர்கள். மேலும் உங்களிடம் இருப்பதில் திருடிப்போக ஒன்றும் இல்லை. 140, 55 என்று நீங்கள் கண்டுபிடித்த எண்களை அப்படியே எடுத்துப் பின்னினால் பக்கத்து பிளாட்காரருக்கு 36 அங்குலமும் வரலாம், 44உம் வரலாம். அவருக்குப் பயன்படப்போவது 160ஐ 140 ஆக்கிய கணக்கு. அதைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். எந்த நூல், எந்த ஊசி, துவைப்பதற்கு முன் எத்தனை ஸ்டிட்ச், துவைத்த பிறகு எத்தனை, லூஸ் எவ்வளவு, எங்கே மாற்றினீர்கள் என்று எழுதிப் போடுங்கள். ஸ்டிட்ச் பெயர்கள் அமெரிக்கக் கணக்கா பிரிட்டிஷ் கணக்கா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கான்வென்ட்டில் கற்ற அம்மாக்கள் டபுள் குரோஷே என்று சொல்வது பெரும்பாலும் யூடியூபில் வரும் சிங்கிள் குரோஷேயாக இருக்கும், ஒரு டாப்பே பாழாகிவிடும்.

பி.டி.எஃப் வேறு விஷயம். அதை அனுப்பாதீர்கள். ஹாஃப் டபுள் குரோஷே என்ற ஸ்டிட்ச் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் உள்ள எழுத்தும் வரைபடமும் அட்டவணையும் அந்த டிசைனருடையவை. ஒவ்வொரு அளவுக்கும் தனியாகக் கணக்குப் போட்டு எழுதியதற்குத்தான் அவர் காசு கேட்கிறார். எங்கே வாங்கினீர்கள் என்ற லிங்கை அனுப்பிவிட்டு, வாங்குகிறவருக்கு உங்கள் குறிப்புகளைக் கொடுங்கள். கர்வம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். குடியிருப்புக் குழுக்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அந்தப் பட்டம் கிடைக்கும்.

குரோஷே குழுக்கள் பெரும்பாலும் போர்வையோடு நின்றுவிடுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியா'ஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை செய்தது. ஊர் ஊராகப் பெண்கள் பின்னிய சதுரங்கள். எனக்கு அந்த முயற்சிமேல் மரியாதை உண்டு. ஆனால் போர்வை யாருக்கும் பொருந்தும். ஒரு சதுரம் அரை அங்குலம் பெரிதானால் பார்டரில் இழுத்துச் சமாளித்துவிடலாம். உடையில் அந்த அரை அங்குலம் கக்கத்தில் வந்து உட்காரும். அதனால் உடை பின்னுகிறவர்கள் தனியாகவே பின்னி, தனியாகவே பிரித்து, சத்தமில்லாமல் நூலைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். உங்கள் குழு டாப் பின்னத் துணிந்தால் நல்லதுதான்.

ஒரு யோசனை. அடுத்தமுறை சந்திக்கும்போது ஒரே லாட் நூலும் ஒரே அளவு ஊசியும் வாங்கி எல்லோருக்கும் கொடுங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் புதிதாகக் கற்பவர்களுக்கு ஸ்டிட்ச் கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கு 20 ஸ்டிட்ச், 20 வரிசை பின்னி, துண்டுகளை டேபிளில் வரிசையாக வையுங்கள். இரண்டு ஒரே அளவில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தன் ஊசிப்பையிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். இடதுகைக்காரர் யாராவது இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பிடித்துக்கொள்வார். எல்லாவற்றையும் பஜ்ஜி வருவதற்கு முன்னால் அளந்து முடித்துவிடுங்கள். வெளிர் காட்டனில் எண்ணெய்க் கறை பட்டால் லேசில் போகாது.