முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த குழந்தையைத் திரும்பப் பெற

வேலூர் அருகே மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் உங்கள் அக்கா, கணவர் இறந்தபின் மகனை ஒரு மத அறக்கட்டளையின் இல்லத்தில் விட்டபோது கையெழுத்திட்ட முத்திரைத்தாள், அவருடைய தாயுரிமையைப் பறிக்காது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைக்கும் பத்திரம், மாவட்டந்தோறும் அரசு அமைத்துள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும்; அதன் பிறகும் பெற்றவர் மனம் மாறுவதற்கு 60 நாள் உண்டு. நோட்டரியின் முத்திரை எத்தனை பெரிதாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

சிறுவனைக் குழுவின் முன் நிறுத்தாமலே சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அவனைத் திருப்பித் தர இல்லத்தார் தயங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஆகவே, எந்தத் தேதியிட்ட குழு ஆணையின்படி மகன் அங்கே இருக்கிறான், இல்லத்தின் பதிவு எண் என்ன என்று அக்கா எழுத்தில் கேட்டு, நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கட்டும். மழுப்பினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துவிட்டு, அந்த நகலுடன் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

எந்தக் குழு என்பதைக் கவனியுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், இல்லம் ஆம்பூரில் என்றால் திருப்பத்தூர் மாவட்டக் குழு, ஆற்காட்டில் என்றால் ராணிப்பேட்டை மாவட்டக் குழு. பழைய பழக்கத்தில் வேலூருக்கு அலைய வேண்டாம்.

"இலங்கை அகதிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்று இல்லத்தார் சொன்னது வெறும் மிரட்டல். 18 வயது நிறையாத எவரும் குழந்தை என்றே சட்டம் சொல்கிறது, குடியுரிமையைக் கேட்பதில்லை.

ஒன்று மட்டும்: குழு ஆணை உண்மையிலேயே இருந்தால், இல்லம் தானாகப் பையனை அனுப்ப இயலாது, குழுதான் விசாரித்து விடுவிக்க வேண்டும். அதுவரை உறவினர்களைத் திரட்டிக்கொண்டு போய் அழைத்துவர முயலாதீர்கள்.