பூட்டனாருக்கு விடுதலை வாங்கித் தர நாவல் எதற்கு?

கேள்வி: என் அப்பப்பாவின் தகப்பனார், அதாவது எங்கள் பூட்டனார், 1900-களின் தொடக்கத்தில் ஒரு கொலை வழக்கில் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) நிறுத்தப்பட்டவர். கரைவலைப் பாடு, அதாவது வலை வளைக்கிற கரைப்பகுதி, யாருக்கு என்ற தகராறில் மூண்ட சண்டை அது. ஜூரி குற்றவாளி என்றது, தூக்குத் தண்டனை கிடைத்தது. பிறகு அது ஆயுள் மறியலாக (சிறையாக) குறைந்தது. அவர் நிரபராதி என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. அதை வைத்து ஒரு குற்ற நாவல் எழுதுகிறேன், முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன். முடிவில் உண்மைக் கொலையாளியாக வேறொருவரைக் காட்டலாமா? சொந்தப் பெயரைப் போடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், திருகோணமலை

பதில்: வேறொருவரைக் காட்டாதீர்கள்.

அத்தியாயங்களைப் படித்தேன். கடற்கரைப் பக்கங்கள் அருமை. வலையின் மடி கரையேறும் நேரத்தில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கண் மீனில் இல்லை, பக்கத்துப் பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தகராறு முழுவதும் அந்த வரிக்குள் வந்துவிட்டது. உங்களால் எழுத முடியும். அதனால்தான் குறையையும் உடைத்துச் சொல்கிறேன்.

செத்துப்போனவர் எங்கே? மூன்று அத்தியாயங்களிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தவை நாலைந்து வரிகள். முரடன், குடிகாரன், வாய்க்கொழுப்புக்காரன். அவருக்கு வீடு இல்லை, பெண்சாதி இல்லை, கடன் இல்லை, அன்று காலையில் யாரோடு பேசினார் என்பதும் இல்லை. பூட்டனாருக்கோ வெற்றிலைப் பெட்டியின் பித்தளைக் கொக்கி வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதினால் அது எதிரித் தரப்பு வக்கீலின் தொகுப்புரையாகிவிடும். நூறு வருடத்துக்கு முன் கொல்லப்பட்ட மனிதரை மறுபடியும் ஓரமாகத் தள்ளுகிற வேலை அது. கூடவே, பழியைச் சுமக்க மூன்றாவது ஆள் ஒருவரையும் கற்பனையில் பிடித்து வருவீர்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

யார் குத்தியது என்பதில் உங்கள் கதையின் மர்மம் இல்லை. நீங்களே கேள்வியில் போகிறபோக்கில் சொல்லிவிட்ட இடத்தில்தான் இருக்கிறது: தண்டனை ஏன் குறைந்தது? இலங்கையில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வந்தது 1938-ல். அதற்கு முன் ஜூரியின் தீர்ப்பை எதிர்த்து மேலே போக எதிரிக்கு உரிமை இல்லை, தேசாதிபதியிடம் (பிரிட்டிஷ் ஆளுநரிடம்) கருணை கேட்பதுதான் மிச்சம். அப்போது மரண தண்டனை என்றால் நீதிபதி சாட்சியக் குறிப்புகளைத் தம் கருத்தோடு தேசாதிபதிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆக, தூக்கு நின்றது என்றால் யாரோ ஒருவர் மனதில் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் அந்தத் தயக்கத்தின் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அக்கால உதயதாரகை, இந்து சாதனம் இதழ்களையும் புரட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஜூரி. உங்கள் நாவலில் அவர்கள் ஏழு பொம்மைகள். 1898-ன் குற்றவியல் நடைமுறைக் கோவைப்படி ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று ஜூரிப் பட்டியல்கள் அன்று இருந்தன, எதிலிருந்து எடுக்க வேண்டும் என்று எதிரியே கேட்க முடிந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. பட்டியலில் பெயர் வரச் சொத்தோ வருமானமோ இருக்க வேண்டியிருந்தது, பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. பூட்டனார் எந்தப் பட்டியலைக் கேட்டிருப்பார்? தமிழ்ப் பட்டியலைக் கேட்டால் பேச்சு புரியும். ஆனால் அங்கே உட்காருகிறவர்கள் கரைவலை இழுக்கிற ஆட்களை எந்தக் கண்ணால் பார்ப்பவர்கள்? சாதியைப் பற்றி நாவலில் ஒரு சொல்லும் இல்லை. அது இல்லாமல் இந்த வழக்கை எழுத முடியாது.

தண்டனைச் சட்டக்கோவையின் 296-ம் பிரிவு கொலைக்கு, 297 கொலையாகாத ஆட்கொலைக்கு. கடுமையான, திடீரென்று வந்த ஆத்திரமூட்டலில் கைமீறியது என்று ஜூரி நம்பியிருந்தால் தூக்கே வந்திராது. அவர்களை நம்பவிடாமல் செய்த சாட்சி யார்? நான் வாசகனாக இருந்தால் இதைத்தான் தேடிப் படிப்பேன்.

வீட்டுக் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ச் சுவாமிமலையிலேயே பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் 1687 என்று ஒல்லாந்தர் பொறித்த தூண் ஒன்று உண்டு. பிரான்சினா வான் ரீடே என்ற பெண், காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு அந்தப் பாறையிலிருந்து குதித்தாள் என்று கதை பரவிவிட்டது, அச்சிலும் ஏறியது. அதற்குப் பிறகும் அவள் வாழ்ந்து வேறொருவரை மணந்துகொண்டாள் என்று பின்னால் பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சோகக் கதைதான் இன்னும் நிற்கிறது. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஏன் ‘அவர் செய்யவில்லை’ என்றே சொல்லி வந்தது? அந்தப் பிடிவாதத்தை நாவலுக்குள் கொண்டுவாருங்கள், ஒரு அப்பாச்சியின் வாயில் வையுங்கள். ஆசிரியரின் தீர்ப்பாக வைக்காதீர்கள்.

ஒரு தகவல் பிழை. மூன்றாம் அத்தியாயத்தில் நீதிபதி திருகோணமலைக்கு ரயிலில் வந்து இறங்குகிறார். இங்கே ரயில் வந்தது 1927-ல். அவரைக் கப்பலிலோ வண்டியிலோ கூட்டி வாருங்கள்.

பெயர் விஷயத்தில் பெரியவர்கள் சொல்வது சரி, ஆனால் அரைவாசிதான் சரி. இறந்தவரின் பூட்டப்பிள்ளைகளும் உங்கள் சந்தையிலேயே மீன் வாங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரின் பெயரையும் மாற்றுங்கள், பாட்டின் பெயரையும் மாற்றுங்கள். அட்டையில் ‘உண்மைக் கதை’ என்று போட வேண்டாம். அடுத்து எனக்கு அனுப்புவது, அன்று காலை அந்த மனிதர் தன் வீட்டிலிருந்து புறப்படுகிற அத்தியாயமாக இருக்கட்டும்.