அண்ணாவின் நோ உண்மையா, சாட்டா?

அன்பின் அக்காவுக்கு,

என் அண்ணா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்தவர். மூட்டையோடு விழுந்து முதுகு போனது. அதே வருடம் அவருடைய ஒரே மகன் டெங்குவில் இறந்துவிட்டான். இப்போது காலையிலிருந்தே சாராயம், அதோடு யாரோ கொடுக்கும், நரம்பு நோவுக்கான பிரிகபலின் குளிசைகள். கேட்டால் "நோ தாங்கேலாமத்தான் குடிக்கிறன்" என்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். "நோ இல்லாத மனிசன் ஆர்?" என்று அப்பா கத்துகிறார். அறையில் ஒரு கிழமை பூட்டிவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அவருடைய நோ உண்மையா, சாட்டா?

ஒரு தங்கை, கொட்டாஞ்சேனை

அன்பின் தங்கைக்கு,

பூட்டிவைக்கும் யோசனையை இன்றைக்கே விடச் சொல்லுங்கள். நெடுநாளாகக் காலையிலிருந்து குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால், சில மணித்தியாலங்களில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பிறகு புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியத் தொடங்கலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். பிரிகபலினையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. சாராயத்தோடு அதைச் சேர்த்து எடுத்தால் மூச்சு மந்தமாகும். எழுப்பியும் எழும்பாமல் கிடந்தால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வைத்தியசாலையில் மருந்து கொடுத்து, விட்டமின் பி1 ஏற்றி, இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருடைய நோ உண்மை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலே கடுமையான முதுகு நோ இருக்க முடியும். நோவை ஆராயும் சர்வதேச சங்கம் 2020இல் திருத்திய வரையறையிலும், நோ என்பது உடலும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றே இருக்கிறது. ஒருவர் நோகிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு, நித்திரை இல்லாதவருக்கு, அதே முதுகு இன்னும் கூடுதலாக நோகும். இதில் நடிப்பு ஏதுமில்லை.

சாராயம் நோவைக் குறைக்கிறது என்பதிலும் அவர் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் தினமும் குடித்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. வெறி இறங்கும்போது நரம்புகள் முன்னைவிடக் கூர்மையாகின்றன, நோ கூடுகிறது, மனமும் கலங்குகிறது. குடித்ததும் நித்திரை வந்தாலும் பின்னிரவில் அது கெட்டுப்போகிறது. ஆக, விடியற்காலையில் அவரைச் சாராயத்திடம் அனுப்பும் நோவில் ஒரு பங்கு, நேற்றுக் குடித்த சாராயம் கொடுத்தது. இது அவருக்குத் தெரியாது. விழுந்த அன்றைய நோதான் இன்னும் வளர்கிறது என்று நினைப்பார்.

நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது, அவர் நிறுத்திய பிறகு வரும் கிழமைகளை. அப்போது நோவும் நித்திரையின்மையும் கூடும். மகனின் நினைவும் மறைப்பில்லாமல் வந்து நிற்கும். "பார், சாராயம் இல்லாமல் ஏலாது" என்று அவர் நினைப்பார்; "பார், நடிக்கிறான்" என்று வீட்டில் சொல்வார்கள். பலரும் திரும்பிக் குடிக்கப் போவது இந்தக் கட்டத்தில்தான். இது வரும், நாளாக நாளாகத் தணியும் என்று அவரிடமும் அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதுகுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும் துக்கத்துக்கு உளவளத்துணையும் கேட்டு வாங்குங்கள். இவை கிடைக்காமல் குடியை மட்டும் பறிப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நோவை நம்புகிறீர்கள் என்பதற்காகச் சாராயத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கடனையும் அடைக்க வேண்டியதில்லை. வெறியில் இருக்கும்போது எதையும் கதைக்காதீர்கள். காலையில், கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரத்தில், இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, அப்போது எங்கே நோகிறது என்று கேளுங்கள். மகனைப் பற்றியும் கதைக்க விடுங்கள். அந்த வீட்டில் எல்லோரும் அவனை இழந்திருக்கிறீர்கள். அப்பாவின் கத்தலிலும் பேரனை இழந்த துக்கம் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கோ கூட்டிப் போங்கள், கட்டணம் இல்லை. நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம், குடிப்பழக்கத்துக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானவர்களுக்கென்றே கொழும்பில் இயங்குகிறது. அண்ணா வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டுமாவது போய்க் கதையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தக் குளிசை மட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குளிசை, எவ்வளவு சாராயம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.