எச்.ஐ.வி குளிசை: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் மருந்தாளரின் பதில்களும்

உப்புவெளி: அக்கா, இந்தக் குளிசை நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா?

நேரடியாக இல்லை. எச்.ஐ.வி, சிடி4 என்னும் வெள்ளை அணுவுக்குள் புகுந்து, தன் பிரதியை அதன் டி.என்.ஏக்குள் சொருகிப் பெருகுகிறது. இப்போது பரவலாகக் கொடுபடும் ஒற்றைக் குளிசையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 உண்டு. முதல் இரண்டும் பிரதி உருவாவதை இடையில் முறிக்கும். மூன்றாவது அது சொருகப்படுவதைத் தடுக்கும். புதிய அணுக்கள் தப்புவதால் சிடி4ஐ உடம்பே மீட்டெடுக்கிறது.

கிண்ணியா: ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் வைரஸ் அளவு 50க்குக் கீழே வந்துவிட்டது, சிடி4 இன்னும் 180தான். மருந்து பிழையா?

மருந்து சரியாகத்தான் வேலை செய்கிறது. வைரஸ் சில மாதங்களில் அடங்கும். சிடி4 ஏற வருடக்கணக்காகலாம். சிடி4 200க்குக் கீழே என்றால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்ற நுரையீரல் தொற்றுப் பிடிக்கலாம் என்றுதான் கோட்ரைமொக்சசோல் என்னும் கிருமிக்கொல்லியைத் தருகிறார்கள். உடம்பு தேறிவிட்டதென்று அதை நீங்களாக விடாதீர்கள். நோன்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள்: சஹரிலோ இப்தாரிலோ ஒன்றைத் தெரிந்து, தினமும் அதே நேரம்.

சாம்பல்தீவு: மிஸ், நான் கர்ப்பிணி. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளையும் சேர்த்துப் போடலாமா?

கூடுதலாகப் பிழைப்பது இங்கேதான். இரும்பும் கல்சியமும் குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் சேரும் அளவு குறையும். வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கக் கூடாது. சாப்பாட்டோடு என்றால் மூன்றையும் சேர்த்தே போடலாம். இல்லாவிட்டால் எச்.ஐ.வி குளிசையை 2 மணித்தியாலம் முன்னதாகவோ 6 மணித்தியாலம் கழித்தோ எடுங்கள். அலுமினியம், மக்னீசியம் உள்ள நெஞ்செரிவு மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, இடைவெளி கட்டாயம். பிள்ளையை நினைத்துப் பயப்படாதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பதுதான் முக்கியம்.

மூதூர்: பலநாள் படகில் போகிறவன். ஒரு வேளை தவறினால்?

நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். குளிசையை அதன் போத்தலிலேயே, ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். கடலில் நாள் நீளலாம், மேலதிகமாகவும் எடுத்துப் போங்கள்.

நிலாவெளி: பரிசோதனையில் வைரஸ் தெரியவில்லை என்றால் நிறுத்தலாமா?

கூடாது. மருந்து எட்டாமல் உறங்கும் அணுக்களிலிருந்து சில கிழமைகளில் வைரஸ் திரும்பிவிடும். ஹெப்படைடிஸ் பி இருப்பவருக்கு இன்னும் ஆபத்து: டெனோஃபோவிரும் லமிவுடினும் அதையும் அடக்கி வைத்திருப்பவை, திடீரென விட்டால் ஈரல் கடுமையாக அழலும். தொடர்ந்து எடுத்து வைரஸ் அளவு 200க்குக் கீழேயே நின்றால் உடலுறவால் துணைக்குத் தொற்றாது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம்.