அரச வம்சம் விற்பனைக்கு!

கேள்வி: என் கணவர் அமெரிக்காவில் பிறந்த கொரியர். குடும்பப்பெயர் கிம். தாத்தா வழியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பணம் கட்டினால் கிம் குலத்தின் ஆதி முன்னோர் என்று சொல்லப்படும் சூரோ மன்னர் வரை வம்சாவளி எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம் குலத்தின் ஜோக்போ, அதாவது வம்சாவளி நூல், எல்லாமே சூரோ மன்னரில்தான் தொடங்கும். கடைசிப் பக்கங்களில் உங்கள் கணவரின் தாத்தா இருக்கிறாரா என்பதுதான் விஷயம். ஏஜென்ட் பூசி மெழுகுவது அங்கேதான். தவிர, கிம் என்றாலே கிம்ஹே இல்லை. கியோங்ஜு, குவாங்சான், ஆந்தோங் என்று தனித்தனிக் குலங்கள் உண்டு. கிம்ஹேதான் மிகப் பெரியது, 40 லட்சம் பேருக்கு மேல். கூட்டம் பெரிதாக இருந்தால் ஆளைச் செருகுவது சுலபம். இது பழைய வியாபாரம். கொரியாவை 1910 வரை ஆண்ட ஜோசோன் வம்சத்தின் பிற்காலத்தில், மேல்குடிகளுக்கு இல்லாத ராணுவ வரியிலிருந்து தப்ப, காசுள்ள சாமானியர்கள் வாரிசற்ற கிளைகளின் கீழே தங்கள் பெயரை ஏற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் கீழிருந்து மேலே போங்கள். குடும்பத் தலைவர் பெயரில் இருந்த ஹோஜு பதிவுமுறை 2008-இல் ஒழிந்தது. மூடப்பட்ட அந்த ஏடுகளின் நகலை நேரடி வாரிசு என்ற முறையில் உங்கள் கணவர் கொரியத் தூதரகம் வழியாகவே கேட்கலாம். தாத்தாவின் பெற்றோர் பெயர், குலத்தின் பூர்வீக ஊர் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் கவுன்டரில் முதல் கேள்வியே, குடும்பத் தலைவர் பெயர் என்ன, பதிவு முகவரி என்ன என்பதுதான். அது தெரிந்திருந்தால் நாம் ஏன் அங்கே போய் நிற்கிறோம்? சரி, மாமனார் வீட்டுப் பெட்டியைத் துழாவுங்கள். அந்தக் காலத்தில் குடியேற்ற விசாவுக்குப் பிறப்புச் சான்றாக ஹோஜு நகலைத்தான் வைப்பார்கள். மொழிபெயர்ப்போடு ஒரு பிரதி கிடைக்கலாம்.

தாத்தா வடக்கே பிறந்தவர் என்றால் கதை வேறு. மூல ஏடு வட கொரியாவிலேயே நின்றுபோனது. தெற்கே வந்தவர்கள் வாயால் சொன்னதை வைத்துப் புதிதாக ஏடு திறந்தார்கள். அதில் வயது முன்பின்னாக இருக்கும், விட்டுவந்த மனைவி மக்கள் விடுபட்டிருக்கலாம். பதிவு முகவரியும் தெற்கில்தான் இருக்கும்; அதைச் சொந்த ஊர் என்று நம்பி அங்கே போய் விசாரிக்காதீர்கள். சியோலில் வட மாகாணங்கள் ஐந்துக்கும் ஒரு அரசுக் குழு இருக்கிறது. அங்கே மாவட்டவாரியாக ஊர்ச் சங்கங்கள் உண்டு. தாத்தாவின் மாவட்டம் தெரிந்தால் அங்கே கேளுங்கள்.

ஜோக்போ அதற்கு அப்புறம்தான். பழைய ஜோக்போக்கள் சீன எழுத்தில் இருப்பதால், பெயர்களை அந்த எழுத்தில் வாங்கிக்கொண்டு குலச் சங்கத்துக்கு எழுதுங்கள். மைக்ரோஃபிலிமில் எடுத்த ஜோக்போக்கள் பல ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசம். ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு திறக்கப்போவதும் பெரும்பாலும் அதைத்தான்.