அடுத்து எந்தத் தளத்துக்குப் போகலாம்? வாசகர் கேள்விகள்

எக்ஸ் பிடிக்கவில்லை. நல்ல தளம் ஒன்று சொல்லவும்.
– நாகர்கோவில்

எதற்கு? செய்தி படிக்கவா, கவிதை போடவா, சண்டை பிடிக்கவா? சண்டைக்கு என்றால் இருக்கிற இடமே தோது. அடுத்த கடிதத்தில் நாலு வரி சேர்த்து எழுதுங்கள்.

மாஸ்டடானில் தவறான சர்வரில் சேர்ந்துவிட்டால்?
– தக்கலை

மாஸ்டடான் பல சர்வர்கள் சேர்ந்த தளம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். ஃபாலோயர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. நகல் எடுத்துவிட்டு மாறுங்கள்.

தினமும் பூ விலை அறிவிக்க வாட்ஸ்அப் குழுவா, சேனலா?
– தோவாளை

சேனல்தான். குழுவில் 1,000 பேருக்குச் சற்று மேல் சேர்க்க முடியாது. எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். குட்மார்னிங் படங்களுக்கு நடுவே பிச்சி விலையை யார் தேடுவது? ஆர்டர் எடுக்க வாட்ஸ்அப் பிசினஸில் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

தேன் வியாபாரம். இன்ஸ்டாவில் 12,000 பேர் இருந்தும் ரீல்ஸ் இப்போது ஓடுவதில்லை. த்ரெட்ஸுக்கு மாறலாமா? எது நிலைக்கும்?
– மார்த்தாண்டம்

எதுவும் நிலைக்காது. மாதாமாதம் இதையே எழுதி எனக்குச் சலித்துவிட்டது. ஆர்குட் 2014இல் மூடியது, கூகுள் பிளஸ் 2019இல். டிக்டாக்கில் நம் நாட்டில் சுமார் 20 கோடிப் பேர் இருந்தார்கள். 2020 ஜூன் கடைசியில் ஒரே உத்தரவில் தடை. நம் நாட்டுத் தளம், கைவிடாது என்று ‘கூ’ தளத்துக்குப் போனவர்களும் அது 2024இல் மூடியதும் நடுத்தெருவில் நின்றார்கள். நீங்கள் கேட்கும் த்ரெட்ஸ் இன்ஸ்டாவை நடத்தும் அதே மெட்டாவுடையது. உங்கள் இன்ஸ்டா கணக்கை வைத்தே உள்ளே போவீர்கள். அது முடங்கினால் இதுவும் போச்சு.

12,000 பேர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தேன் வாங்கியவர் எத்தனை பேர்? அவர்கள் செல் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. பார்சல் அனுப்பும்போதே கேட்டு, சம்மதித்தவர்களின் பெயர், ஊர், நம்பரை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த ஆப் போனாலும் அந்த நோட்டு உங்களிடம் இருக்கும்.

ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனியில் தேன் எடுப்பீர்களே, பெட்டியைத் திறந்து அடையை உதறுவதில் தொடங்கி முழுசாக வீடியோ எடுத்து யூடியூபில் போடுங்கள். ரப்பர் தேன் என்று அடுத்த வருஷம் தேடுகிறவன் கண்ணிலும் அது படும். ரீல்ஸுக்கு அந்த ஆயுள் இல்லை. இன்ஸ்டாவை விட வேண்டாம். ஆனால் இன்றைக்கே உங்கள் பதிவுகளை டவுன்லோடு செய்து வையுங்கள். நகல், நகல், நகல்.

யூடியூப் விளம்பரப் பணத்துக்கு ஷார்ட்ஸ் பார்த்த நேரமும் சேருமா?
– கொல்லங்கோடு

ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்தது, விளம்பரப் பணத்துக்கு யூடியூப் கேட்கும் 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. ஷார்ட்ஸ் வழியாகவே போவதென்றால் 90 நாளில் 1 கோடி வியூஸ் வேண்டும். இரண்டு வழிக்கும் 1,000 சப்ஸ்கிரைபர் கட்டாயம்.

கடல் எச்சரிக்கை எந்தத் தளத்தில் சீக்கிரம் வரும்?
– குளச்சல்

தளத்தைப் பார்க்காதீர்கள், சொல்வது யார் என்று பாருங்கள். புயலுக்கு வானிலை ஆய்வு மையம், காற்றில்லாமலே திடீரென எழும் கள்ளக்கடல் அலைக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ். தேதி போடாத ஃபார்வர்டை நம்பி வள்ளம் இறக்கவும் வேண்டாம், கரையேற்றவும் வேண்டாம்.