சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பியிருக்கிறது: சேமிப்பை எந்தச் சிகிச்சைக்கு ஒதுக்குவது?

கேள்வி: எனக்கு 59 வயது. பதினாறு மாதங்களுக்கு முன் சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்து, உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டிப் புற்றுநோயை எதிர்க்க வைக்கும் பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒன்றாக ஆறு முறை செலுத்தினார்கள். அதன்பின் தொடர வேண்டிய தவணைகளை, எரிச்சல் தாங்காமலும் செலவுக்கு அஞ்சியும் பாதியில் நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் கட்டி மீண்டும் தெரிந்தது. வீரியம் மிகுந்த வகை, ஆனால் தசைக்குள் இறங்கவில்லை என்கிறது அறிக்கை. ஒரு மருத்துவர் மறுபடியும் பிசிஜி கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். மற்றொருவர் சிறுநீர்ப்பையையே அகற்றிவிடச் சொல்கிறார். ஓய்வுக்கால வைப்புத்தொகை, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டு, இன்னும் ஐந்தாண்டு கட்ட வேண்டிய வீட்டுக் கடன், கல்லூரியில் படிக்கும் மகள்: இதுதான் என் நிலை. எந்த வழியில் செலவு குறையும்?

பதில்: ‘செலவுக்கு அஞ்சியும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி வாசிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. உங்களைக் குறை சொல்ல அல்ல. தவணைகளை முழுதாக முடித்தவர்களுக்கும் இந்நோய் திரும்புவதுண்டு. ஆனால் அந்த அச்சம் மறுபடியும் முடிவெடுக்கும் இடத்தில் வந்து உட்காரக் கூடாது என்பதே இந்தப் பதிலின் நோக்கம்.

இரண்டு வழிகளின் செலவும் இரண்டு விதமாக வருகிறது. பிசிஜி வழியில் செலவு சிறிது சிறிதாக, நீண்ட காலத்துக்கு வரும். முதல் ஆறு வாரத் தவணைகளுக்குப் பிறகு, 3, 6, 12, 18, 24, 30, 36 ஆகிய மாதங்களில் மும்மூன்று தவணைகள் என்பது வழக்கமான முழு அட்டவணை; கூட்டினால் 27 தவணைகள். இதனுடன் முதல் இரண்டாண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) என்று வைத்தால், ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 14 பரிசோதனைகள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடிய தொகைதான்; ஆனால் எது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் கட்டி மறுபடியும் தெரிந்தால், சுரண்டி எடுக்கும் சிகிச்சைக்கு மீண்டும் ஒரு முறை பணம் கட்ட வேண்டும்.

அகற்றும் வழியில் பெருந்தொகை ஒரே முறையில் போகும். பெரிய அறுவை சிகிச்சை, மருத்துவமனை வாசம், வேலைக்குத் திரும்ப ஓரிரு மாதங்கள். அதன்பின் வயிற்றில் போட்ட துவாரத்தின் மேல் சிறுநீர் சேகரிக்கும் பை பொருத்திக்கொள்பவர் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டியிருப்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பைகளை ஆயுள் முழுவதும் வாங்க வேண்டும். குடலின் ஒரு பகுதியைக் கொண்டு உள்ளேயே புதிய பை அமைத்துக்கொள்பவருக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் புதிதாகப் பழக வேண்டும், அது எல்லோருக்கும் பொருந்துவதுமில்லை. எதைச் செய்தாலும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தொடரும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். வீரியம் மிகுந்த கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால், கீமோதெரபியும் அறுவையும் சேர்ந்தோ, கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்தோ தேவைப்படும்; குணமாகும் வாய்ப்பும் குறையும். ஆகவே நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது வழி, அதாவது பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடுவது, உடலுக்கும் பணத்துக்கும் எல்லாவற்றிலும் விலை கூடியது. பிசிஜி தோற்று, பிறகு அகற்ற நேர்ந்தாலும் இரண்டு செலவும் உங்கள் தலையில்தான் விழும். அந்த வாய்ப்பு உங்கள் விஷயத்தில் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். முதல் முறை தவணைகளை முடிக்காமல் விட்டதால், பிசிஜி உங்களுக்குத் தோற்றுவிட்டது என்று கணக்கா, அல்லது அது இன்னும் முழுதாக முயன்று பார்க்கப்படவில்லையா என்பதையும் கேளுங்கள். இரு மருத்துவர்களின் கருத்து வேறுபாடு அங்கிருந்து பிறந்திருக்கலாம்.

புதிய மருந்துகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பிசிஜிக்குக் கட்டுப்படாத நோய்க்கென 2020-இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்து, 2022-இல் சிறுநீர்ப்பைக்குள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செலுத்தும் ஒரு மரபணு மருந்து என அமெரிக்காவில் அனுமதி பெற்றவை உள்ளன. விலை மிக அதிகம். உங்களுக்கு அவை பொருந்துமென்று மருத்துவர் கருதினால், எத்தனை மாதம் தொடர வேண்டும், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா, மருத்துவ ஆய்வில் சேர வழியுண்டா என்று கேட்காமல் வீட்டை அடகு வைக்க வேண்டாம்.

என் பெரியப்பா இதே நோயோடு ஆறு ஆண்டுகள் இருந்தார். கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் பில் தொகை என்று அழகாக எழுதி வைத்திருந்தார். மருந்து செலுத்திய நாளில் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் மாறி மாறிப் படுத்திருப்பார். உடன் வந்த அண்ணனுக்கு அன்றைய வேலை போகும். வண்டிக் கூலி, போன சம்பளம், இரவில் போட்ட காய்ச்சல் மாத்திரை எதுவும் அந்த நோட்டில் இல்லை. பின்னர் நாங்கள் உட்கார்ந்து கூட்டியபோது, எழுதாமல் விட்டதே எழுதியதற்கு நெருக்கமாக வந்தது. உங்கள் கணக்கில் அதற்கும் ஒரு பத்தி போட்டுவிடுங்கள்.

பணத்தை மூன்று பங்காகப் பிரியுங்கள். அடுத்த மூன்று மாதச் செலவும் வீட்டுத் தவணையும் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அடுத்த இரண்டாண்டுக்கானது, சந்தை ஏற்ற இறக்கம் தொடாத குறுகிய கால வைப்பில் இருக்கட்டும். மியூச்சுவல் ஃபண்டிலிருந்து அதற்கான பகுதியை இப்போதே எடுத்துவிடலாம், விலை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மீதி ஓய்வுக்காலப் பணம். உங்களுக்குப் பின்னும் உங்கள் மனைவிக்குச் சாப்பாடு போட வேண்டிய பணம் அது. ஒரே பெரிய வைப்பாக இருந்தால் அதை முழுதாக உடைக்காமல், அதன் மேல் கடன் பெற முடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள். கையில் பணம் இருக்கிறதே என்று வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்காதீர்கள். மகளின் படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்கும், அவள் சம்பாதிக்கத் தொடங்கியபின் கட்டலாம். உங்கள் சிகிச்சைக்கு அப்படித் தவணை சொல்ல முடியாது.

மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் புதுப்பிப்புத் தேதியைத் தவறவே விடாதீர்கள். ஒரு முறை காலாவதியானால் இந்த நோயோடு புதிய பாலிசி கிடைப்பது அரிது. ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சைகளுக்குப் பணம் தருமா, வயிற்றின் வெளியே பொருத்தும் பைக்குத் தருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தீவிர நோய்ப் பாலிசிகள் பல, மேலோட்டமான நிலையில் உள்ள புற்றுநோய்க்கு முழுத் தொகை தருவதில்லை. ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை உங்கள் நோயியல் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்குகளில் மனைவியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அறுவை சிகிச்சை நாளில் கையெழுத்துக்கு உங்களைத் தேட வேண்டிவராது. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், அது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். பரிசோதனைக்கு எடுத்த மாதிரியில் தசைத் திசு இருந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ‘தசைக்குள் இறங்கவில்லை’ என்ற முடிவு உறுதியானதல்ல. சில வாரங்களுக்குள் மீண்டும் சுரண்டிப் பார்ப்பது வழக்கம். அந்த முடிவு வரும் வரை முதல் இரண்டு பங்குகளை மட்டும் தயார் செய்யுங்கள், ஓய்வுக்கால வைப்புத்தொகையைத் தொட வேண்டாம். முடிவு வந்ததும், இரு மருத்துவர்களும் எழுதித் தரும் செலவு மதிப்பீட்டோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.